வெர்னா எழுதிய உறைகள்

கென்டக்கியில் ஒரு முதியோர் இல்லத்தில் ஹெர்ஷல் டப்ஸ் என்றொரு பழைய பேஸ்பால் ஆட்டக்காரர் இருந்தார். பெரிய அணியில் அவர் ஆடியது ஒரே ஒரு கோடைக்காலம், அதிலும் பாதி. ஆர்லோ வின்செல் அவருடைய படம் அச்சடித்த பழைய கார்டு ஒன்றைத் தபாலில் அனுப்பிக் கையெழுத்துக் கேட்டிருந்தார். கார்டு திரும்பி வந்தது. கோழி கிளறிய மாதிரி ஒரு கையெழுத்து. கூடவே ஒரு துண்டுத் தாள்: "என்னிடம் இதை யாரும் கேட்டு ரொம்பக் காலம் ஆகிவிட்டது. சரியாகப் போட்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள்."

ஆர்லோ அதைப் படித்தார். தட்டிலிருந்ததைச் சாப்பிட்டு முடித்தார், காப்பியைக் குடித்தார், பிறகு கூடத்துக்குப் போய் டெலிபோனை எடுத்தார். நான் அங்கேதான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். ஒஹாயோ, மிசோரி, டென்னசி என்று எங்கெங்கோ இருக்கும் தன் கார்டு சிநேகிதர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "டப்ஸ்னு ஒரு ஆள். ஆமாம்ப்பா, யாருக்கும் தெரியாது. நீ இந்த வாரம் எழுது. அவன் அடுத்த வாரம் எழுதட்டும். எல்லாரும் ஒண்ணா எழுதிடாதீங்க, கை வலிக்கும் அந்த மனுஷனுக்கு. நான் சொன்னேன்னு மட்டும் எழுதிடாதீங்க." அந்த மனிதர் சாகும்வரை அவருக்குக் கடிதம் வந்துகொண்டே இருந்தது. உலகம் தன்னை மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்திருப்பார். கர்த்தருக்குத் தெரியும், ஆர்லோ வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

நான் அவர் வீட்டுக்குச் சுத்தம் செய்யப் போகிறவள். கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியிலேயே போய்வருகிற எங்கள் சபைப் பெண்கள் பலருக்கும் அதுதான் வேலை. வெர்னாவின் முழங்கால் கெட்டுப்போன வருடம் கூப்பிட்டார்கள். அன்று கட்டிய குதிரையை அதன் பிறகு நான் அந்த வீட்டு வேலியில் கட்டாத வாரமே கிடையாது.

ஆர்லோ ஊர் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். தானியத்தை மேலே ஏற்றும் இரும்புத் திருகு அவர் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. மிச்ச விரல்களால் கடிதம் எழுதுவார், ஆனால் அந்த எழுத்தை வைத்து எந்தத் தபால்காரரும் வீடு கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கையெழுத்து வேலையிலோ விலாசம்தான் உயிர். ஒரு உறைக்குள் கார்டு, கடிதம், அதோடு தன் பெயரும் விலாசமும் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய இன்னொரு உறை, மடித்து. வயதான ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்டு அந்த உறையில் வைத்து ஒட்டினால் போதும். அவருக்கு ஒரு சிரமமும் கூடாது, அதுதான் மரியாதை. வெளியே போகும் உறைகளையும் அந்தத் திரும்பி வரும் உறைகளையும் எழுதியது வெர்னா. சமையலறை மேசையில் உட்கார்ந்து, பட்டாணி உரிக்கிற மாதிரி, கட்டுக் கட்டாக எழுதித் தள்ளுவாள்.

"ஆர்லோ வின்செல், விர்ஜினியா சாலை, இண்டியானா. இதையே இத்தனை தடவை எழுதிட்டேன், லோவினா. செத்தா கூட என் கை இதைத்தான் எழுதும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

வெர்னாவின் எழுத்து அழகு. வின்செல்லின் முதல் எழுத்தான டபிள்யூவில் கடைசிக் கோட்டை மேலே இழுத்து, பூசணிக் கொடி சுருள்கிற மாதிரி ஒரு சுருள் சுருட்டுவாள். அதை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

மக்காச்சோள அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் காலையில் அவள் அடுப்படியில் விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு எங்கள் சபைக்காரர்களும் போயிருந்தோம்.

அதற்கு அடுத்த வாரம் நான் வேலைக்குப் போனபோது வழக்கம்போல ரோட்டோரப் பெட்டியிலிருந்து தபாலை எடுத்துக்கொண்டு போனேன். மின்சார பில், விதைக் கம்பெனி விளம்பரம், அதற்கடியில் ஒரு வெள்ளை உறை. பார்த்ததும் கால் நின்றுவிட்டது. "ஆர்லோ வின்செல்" என்று வெர்னா எழுதியிருந்தாள். அந்தச் சுருளோடு.

கொஞ்ச நேரத்தில் புத்தி வந்தது. என்றோ அனுப்பியதற்கு யாரோ பதில் அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது, இறந்துபோன ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி இருந்தது.

ஆர்லோவிடம் கொடுத்தேன். அவர் உறையைப் பிரிக்கவே இல்லை. விளக்குக்கு எதிரே சாய்த்து வைத்து, எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உள்ள யாரு கையெழுத்துன்னு பாக்கலையா?" என்றேன்.

"வெளிய இருக்குல்ல" என்றார்.

அதன் பிறகு அவர் புதிதாக யாருக்கும் எழுதவில்லை. வெளியே போனவை திரும்பி வருவதற்காக மட்டும் காத்திருந்தார். இந்த வேலையில் பதில் அடுத்த வாரமும் வரும், பத்து வருடம் கழித்தும் வரும். எப்போதாவது ஒன்று வந்தது. தபால் கொண்டு வரும் ஜோலீன் வாயாடி. அவளே காரை நிறுத்தி ஹாரன் அடிப்பாள். "ஆர்லோ, உன் பொண்டாட்டி உனக்கு லெட்டர் போட்டிருக்கா! போன இடத்துலயும் உன்னை விடமாட்டேங்கறாளே!" என்று கத்துவாள். நான் முகத்தைச் சுளிப்பேன். ஆர்லோவுக்கோ அது பிடித்திருந்தது. "அவ இருந்தப்பவே என்னை விட்டதில்ல" என்பார்.

அவருக்கு நெஞ்சு சரியில்லை. அடுப்பை அணைக்க மறந்தார். ஆகஸ்ட் மாதம் ஒரு நாள், பெட்டிக்குப் போகும் வழியில் விழுந்து, நான் போய்ப் பார்க்கும்வரை சரளைக் கல்லில் கிடந்தார். மகள் கார்லா ஒரிகனிலிருந்து ஓடிவந்தாள்.

"அப்பா, போதும். என்கூட வந்துடுங்க. கீழ் ரூம் உங்களுக்குத்தான். பேரப்பிள்ளைங்க இருக்காங்க."

"தபால் வரும்மா."

"தபால் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா ஒரிகனுக்கே திருப்பி அனுப்புவாங்க."

"ஒரு வருஷம்தான் அனுப்புவாங்க. அப்புறம் வர்றது அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போயிடும். அங்கயும் ஆள் இருக்க மாட்டாங்க. பாதிப் பேர் செத்துட்டாங்க. உங்கம்மா எழுதினது எங்க போகும், சொல்லு?"

கார்லா என்னைப் பார்த்தாள். "லோவினா, நீங்களாவது சொல்லுங்க. அடுத்த தடவ விழுந்தா நீங்க வர்ற நாளா இருக்கணுமே."

அவள் சொன்னது சரி. இந்த வீட்டில் இன்னொரு குளிர்காலம் தனியாக இருந்தால் அவர் தாங்கமாட்டார் என்று எனக்கும் தெரிந்தது. கார்லா அழுதுகொண்டே ஊருக்குத் திரும்பினாள்.

நெல்சன் ப்ராக்கெட்டின் கார்டு வந்தது செப்டம்பரில்.

டெக்சாஸில் சின்ன ஊர். முன்னாளில் நல்ல பந்து எறிபவராம். ஆர்லோ அவருக்கு எழுதியது வெர்னாவின் முழங்கால் கெடுவதற்கும் முன்னால். உறையில் வெர்னா ஒட்டிய பழைய ஸ்டாம்பு இருந்தது. இப்போதைய தபால் கட்டணத்துக்கு அது போதாது என்பதால், பக்கத்தில் யாரோ ஒழுங்காகப் புது ஸ்டாம்புகளை ஒட்டியிருந்தார்கள். கார்டை வெளியே எடுத்து ஆர்லோவிடம் நீட்டினேன். என் கட்டைவிரலில் நீலமாக ஏதோ ஒட்டிக்கொண்டது. மை. வழவழப்பான அட்டையில் மை காயச் சில நாள் ஆகும்தான், வருடக்கணக்கில் ஆகாது. அதனால்தான் அது புதுக் கையெழுத்து என்று தெரிந்தது.

ஆர்லோ சிநேகிதர் கஸ்ஸைக் கூப்பிட்டார். அவர் டெலிபோனில் கத்திப் பேசுவார், பக்கத்து அறைக்கும் கேட்கும்.

"யாரு, ப்ராக்கெட்டா? டேய் ஆர்லோ, அந்தாள் போய் ஆறு வருஷம் ஆச்சுடா!"

"மை இன்னும் காயலடா."

"பொண்டாட்டி போட்டிருப்பா. இந்தப் பொம்பளைங்க பாதிப் பேர் அதைத்தானே செய்யறாங்க."

கஸ் சொன்னதும் உண்மைதான். கை நடுங்க ஆரம்பித்த ஆட்டக்காரருக்கு மனைவியோ மகளோ கையெழுத்துப் போட்டு அனுப்புவது இந்த உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆனால் கஸ், "இரு இரு. அவனுக்குக் கல்யாணமே ஆகலையே. தங்கச்சி ஒருத்தி இருந்தா, அவளும் அவனுக்கு முன்னாடியே போயிட்டா. வீடு சும்மா கிடக்குன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

ஜோலீனிடம் சொன்னபோது அவள் உதட்டைப் பிதுக்கினாள். "செத்தவங்க ஸ்டாம்பு வாங்க மாட்டாங்க ஆர்லோ. கியூவுல நிக்க அவங்களுக்குப் பொறுமை இருக்காது." சிரித்துவிட்டுத்தான் போனாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்தால் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டாள்.

ஆர்லோவோ பயப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. வெர்னா எழுதிய உறைகளில் ஒரே ஒரு உறையை அனுப்பாமல் வைத்திருந்தார். அலமாரியிலிருந்து அதை எடுத்தார். சந்தையில் தான் சுட்ட ஆப்பிள் பலகாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நிற்கும் வெர்னாவின் போட்டோ ஒன்றையும் எடுத்தார். மூன்று விரலால் நெடுநேரம் ஒரு கடிதம் எழுதினார். எல்லாவற்றையும் ஒரு பெரிய உறையில் வைத்து, என்னிடம் நீட்டினார். மேலே, சிரமப்பட்டுப் பெரிய பெரிய எழுத்தில், நெல்சன் ப்ராக்கெட்டின் பெயரும் விலாசமும்.

"போட்டோவுல அவளைக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றார்.

இறந்தவர்களிடம் விசாரிக்கக் கூடாது என்பது எங்கள் சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"ஆர்லோ, இது வேணாம். இது கார்டுக்குக் கையெழுத்துக் கேக்கறது மாதிரி இல்ல. நீங்க தட்டக் கூடாத கதவைத் தட்டறீங்க."

"நான் என்ன மந்திரமா பண்றேன்? தபால்தானே போடறேன். அந்த ஆள் செத்தும் கையெழுத்துப் போடறான்ல. அங்கே அவனைத் தெரிஞ்சவங்க இருப்பாங்க, இவளையும் தெரிஞ்சிருக்கலாம்."

"தெரிஞ்சிருந்தா? கையெழுத்தோட வந்துட்டா என்ன செய்வீங்க?"

"இங்கயே இருப்பேன். கார்லாகிட்ட சொல்லிட்டேன். பனி விழறதுக்குள்ள கையெழுத்தோட வந்தா நான் நகர மாட்டேன். வராட்டி, இல்ல போட்டோ வெறுமனே வந்தா, அவகூட மூட்டை கட்டிடறேன். அவளும் சரின்னுட்டா. கிழவனுக்குப் பைத்தியம்னு நெனச்சிருப்பா."

நான் அந்த உறையை எடுத்துப் போய், ஜோலீன் வந்து எடுத்துக்கொள்ள, ரோட்டோரப் பெட்டியில் வைத்தேன். அவருடைய தபால், அதைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் வண்டியில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஜெபித்தேன். போட்டோ வெறுமனே வர வேண்டும் என்று ஜெபித்தேன். யாரோ ஒருவரின் மனம் உடைய வேண்டும் என்று கேட்டு நான் ஜெபித்தது அந்த ஒருமுறைதான். அவர் பிழைத்திருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் முழுக்க ஒன்றும் வரவில்லை. சோளத்தட்டைகளை வெட்டி முடித்து வயல் மொட்டையானது. ஆர்லோ ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். சாப்பாடு வைத்தால் குளிர்ந்து கிடக்கும். நான் கோழியும் நூடுல்ஸும் வீட்டிலிருந்து கொண்டுபோய், எதிரே உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தேன்.

நவம்பரில் முதல் பனி தூறிய காலையில் ஜோலீன் பெட்டியில் போடாமல் வாசலுக்கே வந்து என் கையில் கொடுத்தாள். "நீயே குடு. எனக்கு வேணாம் இந்த வேலை" என்றாள்.

வெர்னாவின் எழுத்து. டெக்சாஸ் முத்திரை.

ஆர்லோ கத்தியால் மெதுவாகக் கிழித்தார். போட்டோவை வெளியே எடுத்துத் திருப்பினார். வெர்னாவின் காலடியில், நீல மையில், "வெர்னா வின்செல்" என்று எழுதியிருந்தது. அவளுடைய கையெழுத்து. அந்தச் சுருள்கூட அப்படியே இருந்தது.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இனி இவரை யாரும் இங்கிருந்து அசைக்க முடியாது என்று நினைத்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார், போட்டோவை மார்போடு வைத்துக்கொண்டு. அடுப்பில் காப்பி பொங்கி வழிந்ததை நான்தான் போய் இறக்கினேன்.

திரும்பி வந்தபோது அவர் அழுகையை நிறுத்தியிருந்தார். போட்டோவையும் உறையையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லோவினா, இங்க வா. உன் கண்ணு நல்லா இருக்கும். இந்த வின்செல்லையும் அந்த வின்செல்லையும் பாரு."

பார்த்தேன். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து வரைந்த மாதிரி இருந்தது. வெர்னா உறையில் வின்செல் எழுதும்போது கை லேசாகத் தடுக்கி, நடு எழுத்தில் ஒரு சின்ன முள் மாதிரி விழுந்திருந்தது. போட்டோவிலும் அந்த முள் இருந்தது.

"ஒரு மனுஷி ரெண்டு தடவ ஒரே எடத்துல தடுக்குவாளா?" என்றார். அவர் விரல் உறையில் நகர்ந்தது. "வெர்னாங்கற பேரோட முதல் எழுத்து, விர்ஜினியாவுலேர்ந்து எடுத்தது. கடைசி எழுத்து, இதோ, விலாசத்துல இருக்கற இண்டியானாவோட கடைசி. மத்ததெல்லாம் என் பேர்லேர்ந்தும் ரோட்டுப் பேர்லேர்ந்தும். அவ பேர் உறையில எங்கயும் இல்ல பாரு. அதனால ஒவ்வொண்ணா பொறுக்கிக் கூட்டியிருக்காங்க."

"யாரு?" என்று கேட்டேன்.

"தெரியல. யாரோ அந்த வீட்டுல உக்காந்திருக்காங்க. என் லெட்டரைப் படிச்சுட்டு, பேனாவை எடுத்து, பொறுமையா செஞ்சிருக்காங்க. கெட்ட மனசோட செஞ்ச மாதிரி தெரியல." அவர் போட்டோவைக் கவிழ்த்து வைத்தார். "நான் கேட்டேன், அவங்க செஞ்சு குடுத்துட்டாங்க. இன்னும் கேட்டா இன்னும் செஞ்சு குடுப்பாங்க. கொஞ்ச நாள்ல எது வெர்னா, எது அவங்கன்னு எனக்கே தெரியாமப் போயிடும்."

வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து அடுப்பின் கதவைத் திறந்து போட்டோவை உள்ளே போட்டார். உறையை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"கார்லா, வந்துடுச்சு. இல்லம்மா, உங்கம்மா போடல. எப்ப வர்றே?"

நான் புறக்கடைக்குப் போய் முழங்காலில் நின்று நன்றி சொன்னேன்.

ஒரிகனில் அவர் இரண்டு குளிர்காலம் இருந்தார். பேரப்பிள்ளைகளோடு ஆட்டம் பார்க்கப் போனார் என்றும், ஒரு மதியம் தூக்கத்திலேயே போனார் என்றும் கார்லா எழுதியிருந்தாள். அவருக்கு நான் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அவர் ஒரிகனுக்குப் போனதற்கு அடுத்த வசந்தத்தில், காலி வீட்டைப் பெருக்கப் போனபோது, ரோட்டோரப் பெட்டியில் ஜோலீன் ஒரிகனுக்குத் திருப்பாமல் விட்ட ஒரு உறை கிடந்தது. ஆர்லோ வின்செல், விர்ஜினியா சாலை. வெர்னாவின் எழுத்து. டெக்சாஸ் முத்திரை. அதே முள், அதே இடத்தில். ஆனால் வெர்னா ஒட்டிய பழைய ஸ்டாம்பு அதில் இல்லை. எல்லாமே புதுசு. அந்த முள்ளோடு வெர்னா எழுதிய உறையோ ஆர்லோவின் சட்டைப் பையில் ஒரிகனுக்குப் போயிருந்தது. பெட்டியில் கிடந்ததைப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுப்பை மூட்டி, அது முழுக்கச் சாம்பலாகும்வரை பக்கத்திலேயே நின்று, அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு இளைப்பாறுதல் கிடைக்கட்டும் என்று ஜெபித்தேன். பிறகு வேறு எதுவும் வரவில்லை.

அவர் புறப்பட்ட காலையில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. கார்லாவின் காரில் பெட்டிகள் ஏற்றியாகிவிட்டது. உள்ளே ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது. கார்லா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வழியில் எங்கே சாப்பிடுவது, எங்கே தங்குவது என்று நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். நான் பொட்டலம் கட்டிய ஆப்பிள் பலகாரத்தை ஜன்னல் வழியாக அவர் மடியில் வைத்தேன். அவர் என் கையை மூன்று விரலால் பிடித்துக்கொண்டார்.

"கேட்டியா அவ பேச்சை? ரெண்டாயிரம் மைலும் இப்படித்தான் வருவா. உயிரோட இருக்கறவங்ககூடப் போனா காது வலிக்கத்தான் செய்யும்." கொஞ்ச நேரம் வீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "போயிட்டு வரேன்னு சொல்லப் போறதில்ல, லோவினா. போறேன்னே சொல்றேன். போறேன்."